டார் ரிலேயில் மஞ்சள் புள்ளி: எது நிரம்பி வழிகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு மே மாதம். திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, ரிலே பேருக்குப் பக்கத்துல பச்சைக்குப் பதிலா மஞ்சப் புள்ளி வந்துருக்கு. ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், போகமாட்டேங்குது."

டார் என்பது யார், எங்கிருந்து என்று தெரியாமல் இணையத்தைப் பயன்படுத்த உதவும் வலை. அதன் தகவலைக் கைமாற்றி அனுப்பும் கம்ப்யூட்டர்தான் ரிலே. மதுரை வில்லாபுரத்தில் என் வீட்டு மாடியில் நானும் ஒரு ரிலே நடத்துகிறேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு சின்ன யுபிஎஸ், அவ்வளவுதான். இந்த மஞ்சள் புள்ளி எனக்கும் வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் ரீஸ்டார்ட் செய்யத்தான் கை போகும். அங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. அதனால் எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

புள்ளி எதைச் சொல்கிறது என்பதில் தெளிவு வேண்டும். டார் வலையில் ஒருவருடைய தகவல் பொதுவாக மூன்று ரிலேக்கள் வழியாகப் போகும். முதலில் கார்டு, நடுவில் மிடில், கடைசியில் எக்ஸிட். நம் ரிலே இதில் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது ஏதாவது ஒன்று தாங்காமல் போனால், ரிலேயே அதைத் தன் அறிக்கையில் எழுதி அனுப்பிவிடும். டார் இணையதளத்தில் உள்ள ரிலே தேடல் பக்கம் அதைப் படித்து மஞ்சள் புள்ளி வைக்கிறது. கடைசியாக நெரிசல் ஏற்பட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரம் அந்தப் புள்ளி நிற்கும். நீங்கள் காலையில் சரிசெய்துவிட்டாலும் சாயங்காலம் மஞ்சளாகவே இருக்கும். எது தாங்கவில்லை என்பதைப் புள்ளி சொல்லாது. மெமரியா, சிபியுவா, போர்ட்டா என்று நாம்தான் தேட வேண்டும்.

ரீஸ்டார்ட் வேண்டாம் என்று சொல்வதற்கு இரண்டு காரணங்கள். அந்த நிமிடத்தில் நம் வழியாகப் போய்க்கொண்டிருந்த எல்லா சர்க்யூட்டும் (ரிலேக்கள் வழியாகப் போகும் பாதை) அறுந்துவிடும். எங்கோ ஒரு நாட்டில், வெளியே சொல்ல முடியாத ஒரு செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தவரின் இணைப்பும் அதில் ஒன்றாக இருக்கலாம். இரண்டாவது, தடயம் போய்விடும். ரிலே வைத்திருக்கும் கணக்குகள் எல்லாம் மெமரியில்தான் இருக்கின்றன. ரீஸ்டார்ட் செய்தால் சுழியத்திலிருந்து தொடங்கும்.

முதலில் கணக்கைத் திறந்து பாருங்கள்

கீழே சொல்லும் அமைப்புகளின் பெயர்களைப் படிக்க வசதியாகப் பிரித்து எழுதுகிறேன். டாரின் அமைப்புகள் இருக்கும் டார்ஆர்சி கோப்பில் எழுதும்போது ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள்.

ரிலேயின் கணக்குகளைக் காட்டும் மெட்ரிக்ஸ் போர்ட் என்பதை 127.0.0.1 முகவரியில் 9035 என்ற எண்ணில் வையுங்கள். மெட்ரிக்ஸ் போர்ட் பாலிசி என்பதில் 127.0.0.1-ஐ மட்டும் அனுமதியுங்கள். பிறகு ரீலோட் கொடுத்து, அதே கம்ப்யூட்டரிலிருந்து கர்ல் கட்டளையால் அந்தப் பக்கத்தை எடுத்தால் வரிசையாக எண்கள் வரும். இந்தப் பக்கம் வீட்டுக்கு வெளியே தெரியவே கூடாது. ரிலேயில் நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடக்கிறது என்ற கணக்கு, வலையை வேவு பார்ப்பவனுக்குப் பயன்படும். அழகான வரைபடம் போட்டு நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை வரும். செய்யாதீர்கள். நம்மை நம்பி வருகிறவர்களுக்கு அது துரோகம்.

எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். நாலு வரிகளைத் தேடினால் போதும்: ஆனியன்ஸ்கின் 'ட்ராப்டு' என்ற வரி, 'ஊம்' (மெமரி தீர்ந்தது) என்று வரும் மெமரி வரிகள், 'டிசிபி எக்ஸாஸ்சன்' வரி, 'ரேட் லிமிட் ரீச்டு' வரி. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். எந்த எண் கூடியிருக்கிறதோ அங்கேதான் நோய். மொத்த எண் எவ்வளவு பெரிது என்பதை விட அது இப்போதும் கூடுகிறதா என்பதுதான் முக்கியம்.

மெட்ரிக்ஸ் போர்ட் வைக்க முடியாத நிலையென்றால், டார் எழுதும் பதிவுக் கோப்பான லாகில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஹார்ட்பீட் வரி வரும். அதையொட்டி சர்க்யூட் ஹேண்ட்சேக் கணக்கு என்று ஒரு வரி இருக்கும். அதில் என்டோர் என்ற சொல்லுக்கு முன்னால் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள். முதல் எண் வேலைக்கு எடுத்துக்கொண்டது, இரண்டாவது எண் வந்து கேட்டது. இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. முதல் எண் குறைவாக இருந்தால் நாம் சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

ஆனியன்ஸ்கின் கைவிடப்படும் எண்ணிக்கை கூடுகிறது

அதிகமாக வருவது இதுதான். திருமங்கலத்திலும் இதுதான்.

புதிதாக ஒரு சர்க்யூட் அமைக்கும்போது, ரிலேயுடன் ரகசியச் சாவி ஒன்றை ஒப்பந்தம் செய்துகொள்ள ஒரு கோரிக்கை வரும். அதற்குத்தான் ஆனியன்ஸ்கின், வெங்காயத் தோல் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட சிபியு வேண்டும். வரிசை நீண்டு நேரத்துக்குள் முடிக்க முடியாது என்றானால் ரிலே அதைக் கைவிட்டுவிடும். லாகில் "உங்கள் கம்ப்யூட்டர் இத்தனை சர்க்யூட் கோரிக்கைகளைக் கையாள முடியாத அளவுக்கு மெதுவாக இருக்கிறது" என்ற பொருளில் எச்சரிக்கையும் வரும்.

தம்பியிடம் ஒரு நோட்டை எடுத்து மணிக்கு ஒருமுறை அந்த எண்ணை எழுதச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க எழுதினான். ராத்திரியிலும் காலையிலும் எண் அசையவில்லை. பகல் பன்னிரண்டரைக்கு மேல் கூட ஆரம்பித்து, ஒன்றிலிருந்து நாலு வரை தாவித் தாவிப் போய், ஐந்தரைக்கு நின்றுவிட்டது. வலையில் நெரிசல் என்றால் திருமங்கலத்து வெயிலுக்கு ஏற்ற மாதிரியா வரும்? டார் பயன்படுத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த நோட்டைப் பார்த்ததும் நேரில் போக வேண்டும் என்று தோன்றியது.

அவனுடையது ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. பிளாஸ்டிக் பெட்டிக்குள் பை இருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து மேலே விரலை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். வெப்பநிலை 83 டிகிரி காட்டியது. பை 4 தன் சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். வேகம் குறைந்து ஓடுகிற சிபியுவிடம் முழு வேகத்துக்கான கோரிக்கைகள் வந்து நின்றால் கைவிடத்தானே செய்யும்.

இதைப் பார்க்க பையிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. விசிஜென்சிஎம்டி என்ற கருவியிடம் 'கெட் த்ராட்டில்டு' என்று கேளுங்கள். சுழியம் வந்தால் பிரச்சினை இல்லை. வேறு ஏதாவது எண் வந்தால், இப்போதோ கடைசியாகத் தொடங்கியதிலிருந்து எப்போதோ வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது, அல்லது மின்னழுத்தம் போதாமல் போயிருக்கிறது. இந்த இரண்டாவதும் நம் ஊரில் சாதாரணம். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய போன் சார்ஜரைச் செருகியிருந்தால் வெயில் இல்லாவிட்டாலும் வேகம் குறையும்.

தம்பி பையைக் கீழ் வீட்டில், மாடிப்படிக்கு அடியில் வைத்தான். பிளாஸ்டிக் பெட்டியை மாற்றி, உடம்பு முழுக்க அலுமினியத்தால் ஆன பெட்டி வாங்கினான். மறுநாள் மதியம் வெப்பநிலை 61. கைவிட்ட எண்ணிக்கை அசையவில்லை.

வெப்பம் காரணமில்லை என்றால் சிபியுவின் ஒவ்வொரு கோரும் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எச்டாப் திறந்து பாருங்கள். நாலு கோரில் ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் இருந்து மற்றவை சும்மா இருக்கிறதா? டாரின் அமைப்பே அப்படி. புது சர்க்யூட் கணக்குகளை மற்ற கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், ஆனால் வந்துபோகும் செல்களை, அதாவது தகவல் பொட்டலங்களை, சங்கேதமாக்கி அனுப்பும் முக்கிய வேலையெல்லாம் ஒரே த்ரெட்டில்தான், ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான். அதனால் கோர் அதிகமுள்ள சிபியுவை விட, ஒவ்வொரு கோரும் வேகமாக உள்ள சிபியு இதற்கு நல்லது. ஏஇஎஸ் என்ற சங்கேதக் கணக்கை வன்பொருளிலேயே செய்யும் வசதி இருக்கிறதா என்று சிபியு தகவல் கோப்பில் தேடுங்கள். பை 4-இல் அது கிடையாது, பை 5-இல் உண்டு. பழைய பை வாங்கி வைத்திருப்பவர்கள் அதிலிருந்து பெரிய வேகம் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்போது செய்ய வேண்டியது மேக்ஸ் அட்வர்டைஸ்டு பேண்ட்வித் என்ற அமைப்பைக் குறைப்பது. நம்மால் இவ்வளவுதான் முடியும் என்று வலைக்கு அறிவிப்பது இது. வலை அதற்கேற்பக் குறைவான ஆட்களை அனுப்பும். குறைத்தால் ரிலேயின் மதிப்பு போய்விடுமே என்று பலர் தயங்குகிறார்கள். பத்து என்று சொல்லிவிட்டு நாலு பேரைத் தடுமாற விடுகிற ரிலேயை விட, ஆறு என்று சொல்லி ஆறையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரிலே மேல். நான் என் ரிலேயில் இரண்டு முறை குறைத்திருக்கிறேன்.

கோர்கள் சும்மா இருக்கின்றன, மெமரியும் இருக்கிறது என்றால் அதே கம்ப்யூட்டரில் இரண்டாவது டாரை ஓட்டலாம். டெபியன் லினக்ஸில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் இரண்டும் உங்களுடையது என்பதை மை ஃபேமிலி அமைப்பில் இரண்டு பக்கமும் எழுத மறக்காதீர்கள். ஒரே ஆளுடைய இரண்டு ரிலேக்கள் ஒரே சர்க்யூட்டில் வராமல் தடுப்பது அந்த வரிதான். அதை எழுதாமல் விடுவது சின்ன மறதி மாதிரித் தெரியும், பாதிப்பு நமக்கு இல்லை, பயன்படுத்துகிறவர்களுக்கு.

இன்னொன்றும் உண்டு. நேற்று வரை நன்றாக ஓடியது, நீங்கள் எதையும் மாற்றவில்லை, ராத்திரி பகல் இல்லாமல் எண் திடீரென்று ஏறுகிறது. அது தாக்குதல் அலையாக இருக்கலாம். 2022 ஜூனிலிருந்து பல மாதங்கள் டார் வலை முழுக்க இப்படி அடி வாங்கியது. 2023-இல் வந்த 0.4.8 பதிப்பில் டாருக்குள் மட்டும் திறக்கும் ஆனியன் தளங்களைக் காக்க, கோரிக்கை அனுப்பும் கம்ப்யூட்டர் முதலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் டாரைப் புதுப்பித்து வைத்துவிட்டுப் பொறுத்திருங்கள். அலை ஓயும்.

மெமரி வரியில் சுழியம் இல்லை, அல்லது டார் தானாக நின்றுபோகிறது

இரண்டும் ஒன்று மாதிரித் தெரியும். மருந்து நேர் எதிர்.

நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து அதிகமானால் தண்ணீர் மறுகால் வழியாகப் போய்விடும், கரை தப்பிக்கும். டாருக்கும் ஒரு மறுகால் இருக்கிறது. மேக்ஸ் மெம் இன் க்யூஸ் என்ற அளவை எட்டினால், மெமரி குறைவாக இருக்கிறது, நீண்ட வரிசையுள்ள சர்க்யூட்டுகளை வெட்டுகிறேன் என்று லாகில் எழுதிவிட்டுச் சிலவற்றை வெட்டிவிடும். ரிலே பிழைத்துக்கொள்ளும், மஞ்சள் புள்ளி வரும். இந்த வரியைப் பார்த்தால், கம்ப்யூட்டரில் மெமரி மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த அளவைக் கூட்டலாம்.

ஆனால் கரையை விட மறுகாலை உயரமாகக் கட்டினால் என்ன ஆகும்? கரைதான் முதலில் உடையும். லாகில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் டார் செத்துப்போயிருந்தால், டிமெசெக் கட்டளையில் கர்னல் எழுதியதைப் படியுங்கள். மெமரி தீர்ந்ததால் டாரைக் கொன்றேன் என்று இருந்தால், அளவைக் குறைக்க வேண்டும். இங்கே கூட்டினால் நிலைமை மோசமாகும். 64 பிட் கம்ப்யூட்டரில் ரிலே ஓட்டக் குறைந்தது 2 ஜிபி மெமரி வேண்டும், 4 இருந்தால் நிம்மதி. 4 ஜிபி உள்ள கம்ப்யூட்டரில் வேறு வேலை எதுவும் ஓடவில்லை என்றால் நான் 2 ஜிபி என்று வைப்பேன்.

டிசிபி போர்ட் தீர்ந்துபோகிறது

வீட்டு ரிலேக்களுக்கு அபூர்வம். வாடகை சர்வரில் பெரிய ரிலே நடத்துபவர்களுக்கு வரும். லினக்ஸில் வெளியே போகும் இணைப்புகளுக்கான போர்ட் எண்கள் வழக்கமாக 32768-இலிருந்து 60999 வரை. சிஸ்கன்ட்ரோல் அமைப்பில் அதை 15000-இலிருந்து 64000 வரை என்று விரித்துவிட்டால் தீர்ந்தது. டாரைக் கையால் தொகுத்து நிறுவியிருந்தால், திறந்து வைக்கும் கோப்புகளின் வரம்பையும் பார்த்துவிடுங்கள். டெபியன் தொகுப்பில் அது ஏற்கெனவே 65536.

டார் கணக்கில் எல்லாம் சுழியம், ஆனாலும் இணைப்புகள் விழுகின்றன என்றால் டிமெசெக்கில் 'கான்ட்ராக் டேபிள் ஃபுல்' என்று தேடுங்கள். அது ஃபயர்வால் ஒவ்வொரு இணைப்பையும் எழுதி வைக்கும் பட்டியல். நிரம்பிவிட்டால் புதுசாக வருவதைக் கீழே போடும். அந்தப் பட்டியலின் உச்ச அளவைக் கூட்டுங்கள்.

ரிலே நன்றாக இருக்கிறது, வீட்டில் இன்டர்நெட் படுத்துவிட்டது

இதற்கு மஞ்சள் புள்ளி வராது. வீட்டுக்காரர்கள்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அம்மா சொன்னார்கள்: "பேசிக்கிட்டிருந்த வீடியோ கால் நல்லாத்தான் போகுது, புதுசா எதத் திறந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு." எனக்கு அது பெரிய துப்பு. பழைய இணைப்பு உயிரோடு இருந்து, புது இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை என்றால், ரவுட்டருக்குள் இருக்கும் இணைப்புப் பட்டியல் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். லைன் வேகம் குறைவாக இருந்தால் இரண்டுமே இழுக்கும்.

ஒரு ரிலே ஒரே நேரத்தில் குறைந்தது 7,000 இணைப்புகளைத் தாங்க வேண்டும். இன்டர்நெட் இணைப்போடு கொடுக்கும் ரவுட்டர்கள் பல அதற்குச் செய்யப்பட்டவை இல்லை. அதை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றிவிட்டு, பின்னால் நல்ல ரவுட்டர் ஒன்றை நாமே வைக்கலாம். நான் அதைத்தான் செய்தேன். செலவு செய்ய முடியாதவர்கள் ரிலேயை விட்டுவிட்டு ஸ்னோஃப்ளேக் நடத்தலாம். டார் தடுக்கப்பட்ட நாடுகளில் இருப்பவர்கள் உள்ளே நுழைய அது கைகொடுக்கிறது, இணைப்புகளும் குறைவு. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், நீங்கள் பலரோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள், ரிலே அங்கே ஓடவே ஓடாது. அவர்களுக்கும் ஸ்னோஃப்ளேக்தான் சரி.

எக்ஸிட் ரிலேயை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். எக்ஸிட் வழியாக யார் என்ன செய்தாலும் வெளியே தெரிவது உங்கள் வீட்டு முகவரி.

ரேட் லிமிட் எண் மட்டும் கூடுகிறது

நோய் இல்லை. நீங்கள் வேகத்துக்கு வைத்த வேலியை டார் மதிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வேலி சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இன்டர்நெட் கம்பெனி சொல்வது மெகாபிட், டார்ஆர்சியில் நாம் எழுதுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு மடங்கு வித்தியாசம். 40 மெகாபிட் லைனுக்கு 40 மெகாபைட் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், எழுத வேண்டியது அதிகபட்சம் 5. அதோடு, ரிலேக்குள் வருவதெல்லாம் வெளியேயும் போக வேண்டும். டவுன்லோட் 100, அப்லோட் 40 என்றால் உங்கள் ரிலேயின் வேகம் 40-தான். வீட்டில் மற்றவர்களுக்கும் மிச்சம் வைத்து, அப்லோடில் பாதியை ரிலே பேண்ட்வித் ரேட்டில் எழுதுங்கள்.

புள்ளி போய்விட்டது, கூட்டமும் போய்விட்டது

சரிசெய்த கையோடு ட்ராஃபிக் குறைந்தால் பதற வேண்டாம். வலை மறுபடி அளந்து பார்த்து நம்பிக்கை வைக்கக் கொஞ்ச நாள் எடுக்கும். புது ரிலேக்கு முதல் சில நாள் மிகக் குறைவாகத்தான் வரும். கார்டு கொடி, அதாவது முதல் ரிலேயாக இருக்கலாம் என்ற அடையாளம், கிடைத்த புதிதிலும் கூட்டம் குறையும், பிறகு வாரக்கணக்கில் மெல்ல ஏறும்.

கரண்ட் போய் வந்த பிறகு இப்படி என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பை 4-இல் கடிகாரத்துக்கென்று பேட்டரி இல்லை. நேரம் தப்பாக இருந்தால் டார் வலையோடு சேராது. நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் சேவை ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றிய தேதியையும் மணியையும் நோட்டில் எழுதி, எண் கூடவில்லை என்று தெரிந்த பிறகு மூன்று முழு நாள் காத்திருங்கள். தம்பி பெட்டியை மாற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்றைக்கு மதியமும் எண் கூடியிருந்ததால் கணக்கு அங்கிருந்துதான். புதன், வியாழன் இரண்டு நாளும் மஞ்சள்தான். "இன்னும் அப்படியே இருக்குண்ணே" என்று வெள்ளிக்கிழமை காலையிலும் செய்தி அனுப்பினான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பச்சை.